அரைக் கூட்டி வேலை செய்யவில்லை. அட்டையிலோ "அரை விரியன்" – உதவி தேவை

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பிட்டுகளை (0 அல்லது 1) கூட்டிக் காட்டும் சுற்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள். "எக்ஸ்-ஆர்" கேட்டுகள் (0, 1 வைத்து முடிவு சொல்லும் சிறு சுற்றுகள்) உள்ள 74எல்எஸ்86 ஐசி ஒன்று, "ஆண்ட்" கேட்டுகள் உள்ள 74எல்எஸ்08 ஐசி ஒன்று, இரண்டு சுவிட்சு, இரண்டு எல்இடி. ஒரு எல்இடி கூட்டலின் "சம்" இலக்கத்துக்கு, மற்றது அடுத்த இடத்துக்குப் போகும் "கேரி"க்கு. சுவிட்சைத் தொடாதபோதே கேரி விளக்கு எரிகிறது. சம் விளக்கு எரிவதே இல்லை. எந்தச் சுவிட்சைப் போட்டாலும் மாற்றமில்லை. காணொளி ஒன்றைப் பார்த்து ஒவ்வோர் உள்ளீட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை போட்டோம். பயனில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. விளக்க அட்டைக்கான ஆங்கிலக் குறிப்பை மாணவன் ஒருவன் கைப்பேசியில் மொழிபெயர்த்தான். இந்தச் சுற்றின் ஆங்கிலப் பெயரான "ஹாஃப் ஆடர்" என்பது "அரை விரியன்" ஆகிவிட்டது. அச்சடித்தவர் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஓரத்தில் ஒரு பாம்பையும் போட்டுவிட்டார். சாம்பல் நிற உடல், முதுகு நெடுகக் கறுப்பு வளைகோடு. பிள்ளைகள் கண்ணாடி விரியன் என்கிறார்கள். அப்படித்தானா?

சோழமண்டலம்:
ஐசி சுட்டுப் போயிருக்கும். இரண்டையும் மாற்றுங்கள்.

குடந்தை ரேடியோ:
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறியே ஐசி நன்றாக இருப்பதைக் காட்டுகிறது. எல்எஸ் வகை ஐசியில் உள்ளீட்டை அந்தரத்தில் விட்டால் அது 1 என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு உள்ளீடும் 1 என்றால் சம் 0, கேரி 1. நீங்கள் பார்ப்பது அதுதான். ஏற்கெனவே 1 ஆக இருப்பதைச் சுவிட்சு போட்டு 5 வோல்ட்டோடு சேர்த்தால் என்ன மாறும்?

10 கிலோ ஓம் என்பது சிமாஸ் என்ற வேறு வகை ஐசிக்குச் சரி. எல்எஸ் ஐசியின் உள்ளீட்டுக் காலிலிருந்து வெளிநோக்கி மின்னோட்டம் வருகிறது. அது அவ்வளவு பெரிய தடை வழியாக இறங்கும்போது காலில் மின்னழுத்தம் ஏறி நிற்கும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் 0 என்று உறுதி. 10 கிலோவைக் கழற்றிவிட்டு 470 ஓம் போடுங்கள். இரண்டு ஐசியிலும் 7ஆம் கால் கிரவுண்டு, 14ஆம் காலுக்கு 5 வோல்ட்; முதல் கேட்டுக்கு 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அட்டையில் "அரைக் கூட்டி" என்று போடுங்கள். அடுத்தது மூன்று பிட்டுகளைக் கூட்டும் முழுக் கூட்டி. கூட்டுவதால் கூட்டி, இதற்கு அகராதியே வேண்டாம்.

திருவையாற்று வாசகன்:
கைப்பேசியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, வேர்தான் வேறு. கூட்டும் கருவியின் பெயர் "சேர்" என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பாம்பின் பெயர் பழைய ஆங்கிலத்தில் "ந" ஒலியோடு "நேடர்" என்பதுபோல் தொடங்கியது. முன்னால் வரும் "எ" (ஒரு) என்ற சிறு சொல் அந்த ஒலியை இழுத்துக்கொண்டு "ஆன்" ஆகிவிட, "ஆடர்" மிஞ்சியது. குறிப்பில் பாம்பா சுற்றா என்று தெரிய ஒரு சொல்லும் இல்லாவிட்டால் இயந்திரம் என்ன செய்யும்?

கோரையாறு:
டீச்சர், படத்தில் இருப்பது கண்ணாடி விரியன் இல்லை. வளைகோடு ஓடுவது ஐரோப்பிய விரியன். பிரிட்டனில் இயற்கையாக உள்ள ஒரே நச்சுப்பாம்பு அதுதான். நார்வேயில் வடதுருவ வட்டத்துக்கு அப்பாலும் உண்டு; நம் பக்கம் கிடையாது. கண்ணாடி விரியனுக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று வரிசைக் கருவட்டங்கள் இருக்கும். மிதிக்கப் போனால் குக்கர் விசில்போலச் சீறும். சம்பா அறுவடையில் நாங்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

பெயரை நம்பி ஏமாற இன்னொன்றும் இருக்கிறது. கட்டுவிரியன் விரியன் குடும்பமே இல்லை, நல்ல பாம்பின் உறவு. ஆஸ்திரேலியாவின் "டெத் ஆடர்" கதையும் இதேதான். கண்ணாடி விரியன் கடித்தால் வீங்கும், இரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடலாம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொருகல், பிறகு மூச்சுத்திணறல். வயிற்றுவலிதானே என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அந்த அட்டையைக் கிழிக்காமல் படத்தை மட்டும் மாற்றி இதை எழுதிவையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நஞ்சுமுறி மருந்து ஒன்றே. பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

வெண்ணாற்றங்கரை:
470 ஓம் போட்டதும் சரியாகிவிட்டது! ஒரு சுவிட்சு போட்டால் சம், இரண்டும் போட்டால் கேரி. பாம்பு அட்டையைத் தனி மேசையில் வைக்கிறோம். பிள்ளைகள் இப்போது முழுக் கூட்டியும் செய்ய வேண்டும் என்கிறார்கள். அதற்கு "ஆர்" கேட்டுகள் உள்ள 7432 ஐசி வாங்க வேண்டுமாமே? இங்கே கிடைக்கவில்லை.

குடந்தை ரேடியோ:
வாங்க வேண்டாம். முழுக் கூட்டி என்பது இரண்டு அரைக் கூட்டிகளும் ஓர் "ஆர்" கேட்டும். அந்த இரண்டு கேரியும் ஒரே நேரத்தில் 1 ஆகவே ஆகாது. அதனால் "ஆர்" இருக்க வேண்டிய இடத்தில் "எக்ஸ்-ஆர்" இருந்தாலும் விடை ஒன்றுதான். உங்கள் 86இல் நான்கு கேட்டுகள் உண்டு, மூன்று போதும். 08இல் இரண்டு போதும். மூன்றாவது சுவிட்சுக்கும் 470 ஓம் போட மறக்காதீர்கள்.