இந்திரா காந்தி இறந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
குமரி மாவட்டத்து நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 1984 அக்டோபர் 31 காலையிலேயே டெல்லியில் இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள், ஆனால் அவர் இறந்த செய்தியை ஆகாஷ்வாணி மாலையில்தான் சொன்னது, அதற்கு முன்பே பிபிசி சொல்லிவிட்டது. இடைப்பட்ட அந்த நேரத்தில் நம்ம ஊர்ப் பக்கம் செய்தி எப்படிப் பரவியது என்று எழுதி வைக்க ரொம்ப ஆசை. நான் அப்போது மார்த்தாண்டத்தில் எட்டாம் வகுப்பு. பாதியிலேயே பள்ளியை விட்டுவிட்டார்கள், பஸ் கிடையாது, குழித்துறைப் பாலம் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனோம். குளச்சல், தக்கலை, நாகர்கோவிலில் அன்று படித்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு யார் முதலில் சொன்னார்கள்? எந்த ரேடியோ, திருவனந்தபுரமா, திருநெல்வேலியா, இலங்கையா? அப்புறம், மறுநாள் வந்த தமிழ், மலையாளப் பத்திரிகை யாராவது எடுத்து வைத்திருந்தால் போட்டோ அனுப்புங்கள். வீட்டில் இருக்கும் வயதானவர்களிடமும் கட்டாயம் கேளுங்கள்.