புதுப்பிப்பு: பதினான்காம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவல் வரைவு முடிந்தது

தனுஷ்கோடியைக் களமாகக் கொண்ட என் நாவலின் முதல் வரைவு பதினான்காம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை என்றும், தொடக்க அத்தியாயங்களையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றும் தை மாதம் இங்கே எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. வரைவு சென்ற வாரம் முடிந்தது.

எழுதியதைத் திரும்பிப் படிக்காமல் முன்னே செல்லுங்கள், சந்தேகங்களைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள் என்ற யோசனைதான் பலன் தந்தது. நாளுக்கு 500 சொற்கள் என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை; எண்ணிக்கையை எட்டுவதற்காகவே கதாபாத்திரங்கள் ஓயாமல் தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள்.

எதிர்பாராதது, நோட்டில் இருந்த “பேருந்தா? சரிபார்க்க” என்ற ஒரு வரியிலிருந்து வந்தது. கதாநாயகி 1963இல் பேருந்தில் பாம்பனைக் கடந்து ராமேசுவரம் செல்வதாக எழுதியிருந்தேன். ஆனால் அங்கே சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது, அதுவரை இருந்தது 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலம் மட்டுமே. அவளை ரயிலில் ஏற்றியதும், தங்கச்சிமடத்தில் நடக்கவிருந்த அண்ணன் தங்கை சண்டை பெட்டிக்குள்ளேயே வெடித்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் கடலுக்குப் பலியாகும் இறுதி அத்தியாயத்துக்கு அந்தப் பயணமே முன்னோட்டமாகிவிட்டது. இரண்டாம் வரைவை அந்த ரயில் பெட்டியிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்.