காப்பர் டி போட்ட பிறகு மாதவிடாய் ஒன்பது நாள் போகிறது, எடுத்துவிடலாமா?

குடியாத்தத்துப் பொண்ணு:
அக்காக்களே, எனக்கு 27 வயது, இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். பிரசவம் முடிந்த கையோடு, அடுத்த குழந்தை தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி வைத்துவிட்டார்கள். வலியில் கிடந்தவளிடம் கேட்டார்களாம், நான் தலையாட்டினேனாம், எனக்கு ஒன்றும் நினைவில்லை. முன்பு நாலு நாளில் நின்றுவிடும். இப்போது தூரம் திரும்பி வந்த நாலு மாதமாக ஒன்பது நாள், கட்டி கட்டியாகப் போகிறது, ஷூ கம்பெனியில் மிஷினை விட்டு எத்தனை தடவைதான் எழுந்து போவது, சூப்பர்வைசர் முறைக்கிறார். மாமியார் 'செம்பு உள்ளே இருந்தால் சூடுதான்' என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறார். நாத்தனார் அந்தரா என்ற கருத்தடை ஊசிக்கு மாறச் சொல்கிறாள். பால் கொடுக்கிறேன், மாறலாமா?

ஆம்பூர் அக்கா:
எனக்கும் இதே கதைதான்மா. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. எடுக்கச் சொல்லிப் போனால் 'பத்து வருஷம் தாங்கும், என்ன அவசரம்' என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை சண்டை போட்டேன். எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

காட்பாடி நர்ஸ்:
சூடெல்லாம் இல்லை தங்கச்சி. காப்பர் டியில் ஹார்மோனே கிடையாது, ஆனால் கர்ப்பப்பையின் உள்சுவரை உறுத்துவதால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் போக்கும் வலியும் கூடும், பலருக்கு அப்புறம் குறைந்துவிடும். உனக்குக் குறையவில்லை என்றால் முதலில் ரத்தம் பார், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகைதான். காப்பர் டியின் முனையில் தொங்கும் நூல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். பிரசவத்தோடு வைத்ததில் நூல் சுருண்டு மேலே போய்விடலாம், சிலருக்குத் தெரியாமலே காப்பர் டி கழன்று விழுந்துவிடும், ஸ்கேனில்தான் தெரியும். காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் கடும் வலி இருந்தாலோ நாள் தள்ளிப்போனாலோ அன்றைக்கே போ.

அந்தரா மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, பால் கொடுப்பவர்களும் போடலாம். முதலில் அங்கங்கே சொட்டும், போகப்போகத் தூரமே நின்றுவிடலாம், கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. சிலருக்கு எடை ஏறும். அடுத்த குழந்தை வேண்டும் என்றால், கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க ஏழிலிருந்து பத்து மாதம்கூட ஆகலாம். ஹார்மோன் இல்லாத சாயா என்ற கருத்தடை மாத்திரையும் உண்டு, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, இதில் தூரம் தள்ளித் தள்ளி வரும். சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு ஆகாது. எதுவானாலும் மாற்றுவதும் எடுப்பதும் உன் முடிவு, வீட்டுக்காரர் கையெழுத்தெல்லாம் தேவையில்லை.

ஆற்காட்டு அண்ணன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு குழந்தை போதும் என்றால் உங்கள் வீட்டுக்காரரையும் கேளுங்கள். நான் போன வருஷம் ஆண்களுக்கான ஆபரேஷன் செய்துகொண்டேன், கத்தியும் இல்லை தையலும் இல்லை, அன்று சாயங்காலமே வீடு. உடனே பலிக்காது, மூன்று மாதம் ஆணுறை, அப்புறம் விந்துப் பரிசோதனை. என் தம்பியே சிரித்தான், சிரிக்கட்டும்.

குடியாத்தத்துப் பொண்ணு:
அக்கா, கையை வைத்துப் பார்த்தேன், நூல் தட்டுப்படவே இல்லை. நாளைக்கு அரைநாள் லீவு போட்டுப் போகிறேன். அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டினேன், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனவர் இன்னும் வரவில்லை.