மறு: கிரிம்ப் ஜம்ப் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். கைத்துப்பாக்கி பத்தின கட்டுரை எழுதிட்டு வர்றேன்ல, அதுல ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன். அமெரிக்காவுல தற்காப்புக்குன்னு பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போற ரொம்ப லேசான ரிவால்வர்கள்ல வர்ற ஒரு கோளாறு, அத கிரிம்ப் ஜம்ப்னு சொல்றாங்க. இப்போதைக்கு 'நெரிவுத் தாவல்'னு போட்டிருக்கேன், படிக்கிறப்ப எனக்கே சிரிப்பு வருது. நல்ல சொல் இருந்தா குடுங்க.

—

தம்பி, 'குண்டுத் தாண்டல்'னு வச்சுருங்க, முடிஞ்சுது வேலை. ஆனா ஒரு சந்தேகம். ரிவால்வர்ல மக்கரே கிடையாதுன்னுதானே அத வாங்குறாங்க? ஒரு தோட்டா வெடிக்கலன்னா திரும்ப விசைய இழுத்தா அடுத்தது வந்து நிக்கப்போகுது. இதுல என்ன தாண்டுறது?

—

ஐயா, நீங்க சொல்றது பழைய இரும்பு ரிவால்வருக்கு முழுக்க சரி. 1950ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கொண்டு வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் அஞ்சு தோட்டா ரிவால்வர், சின்னதுதான், ஆனா அரைக் கிலோவுக்கு மேல எடை. இப்ப அதே அளவுல ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டம், டைட்டானியம் சிலிண்டர் (தோட்டா போடற சுத்துற உருளை) போட்டு 340பிடின்னு ஒண்ணு வருது, 350 கிராம் கூட இல்ல, அதுல போடறது சாதா .38 தோட்டா இல்ல, அதவிட வீரியமான .357 மேக்னம். எடைய குறைச்சுட்டு உதைய ஏத்திட்டாங்க, அங்கதான் வம்பே.

சுடும்போது துப்பாக்கி படார்னு பின்னாடி வருது, சிலிண்டர்ல மிச்சம் இருக்கற தோட்டாக்களோட பித்தளைக் கூட்டையும் விளிம்புல பிடிச்சு சேத்து இழுத்துட்டு வருது, ஆனா கூட்டு வாயில செருகியிருக்கற ஈயக்குண்டு கனமானது, அது இருந்த எடத்துலயே இருக்கப் பாக்குது. டவுன் பஸ்ஸ டிரைவர் வெடுக்குனு எடுத்தா நின்னுட்டிருக்கறவன் பின்னாடி சாய்வான் பாருங்க, அதேதான். கூட்டு வாய நெரிச்சு குண்டப் பிடிச்சு வச்சிருக்கறதுக்குத்தான் கிரிம்ப்னு பேரு, அந்தப் பிடி தோத்துப்போச்சுன்னா ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது. அஞ்சாவது தோட்டா பாவம், தன் முறை வர்றதுக்குள்ள நாலு உதை வாங்கியிருக்கும். குண்டு மூக்கு சிலிண்டர் முகத்தத் தாண்டி நீட்டிக்கிட்டா சட்டத்துல இல்லன்னா பீப்பாயோட பின்பக்கத்துல போய் முட்டும், சிலிண்டர் சுத்தாது, விசைய எத்தன தடவ இழுத்தாலும் நகராது, சில சமயம் சிலிண்டர வெளிய திறக்கக்கூட முடியாது. உயிர் போற நேரத்துல உக்காந்து குண்ட உள்ள தள்ளிட்டா இருப்பாங்க?

தப்பிக்க வழியும் குறுகல். கனமான குண்டு, அதுவும் உறை போடாத வெறும் ஈயம், சீக்கிரம் வெளிய வந்துரும். சரி லேசான குண்டு போடலாம்னா, குண்டு எடை 120 கிரெய்னுக்கு (சுமார் 8 கிராம்) கீழ இருந்தா மேக்னம் போடாதேன்னு அந்த மாடல்லயே எச்சரிக்கை இருக்கு, தீப்பிழம்பு டைட்டானியத்த அரிக்கும்னு. அதனால விவரம் தெரிஞ்சவங்க புது பிராண்ட் தோட்டா வாங்கினா முழுசா நிரப்பி, ஒண்ணு மட்டும் மிச்சம் வச்சு மத்தத சுட்டுட்டு, அந்த மிச்சத்த எடுத்து நீளம் கூடியிருக்கான்னு அளந்து பாப்பாங்க. (எடை குறைக்கற ஆசை புதுசும் இல்ல. 1950கள்ல அமெரிக்க விமானப்படை அலுமினிய சிலிண்டர் போட்ட ரிவால்வரே வாங்கிப் பாத்துச்சு, சிலிண்டர் அழுத்தம் தாங்கல, கடைசில பெரும்பாலானத நொறுக்கித்தான் போட்டாங்க.)

இப்ப சொல்லுக்கு வர்றேன். தாவல், தாண்டல் ரெண்டுலயும் குண்டு ஏதோ செய்யுதுங்கற மாதிரி தொனிக்குது. குண்டு ஒண்ணுமே செய்யல ஐயா, அது சும்மா இருக்கு, கூடுதான் அத விட்டுட்டு ஓடுது. இதுக்கு நம்மகிட்ட நல்ல சொல் இருக்கு: கழலுதல். சங்கப் பாட்டுல தலைவி மெலிஞ்சா கை வளை கழலும், வளை எங்கயும் தாவல, பிடிச்சிருந்த கைதான் இளைச்சுப்போச்சு. இங்க துப்பாக்கி இளைச்சதால குண்டு கழலுது. 'உதைகழல்வு'ன்னு வைக்கலாம், உதையால கழலுறதுன்னு காரணமும் உள்ளயே இருக்கு.

இன்னொரு வசதி, பிஸ்டல்ல (சிலிண்டர் இல்லாம மேகசின் வச்சது) இதுக்கு நேர் எதிரா குண்டு கூட்டுக்குள்ள அமுங்கிப்போற கோளாறு ஒண்ணு இருக்கு, அப்ப அழுத்தம் எகிறும். அத 'புதைவு'ன்னு சொன்னா கழல்வு, புதைவுன்னு ஜோடியா நிக்கும். தாண்டல்னு வச்சா அதுக்கு எதிர்ச்சொல்லுக்கு எங்க போறது?

—

அண்ணை, கழல்வு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்டு, நீங்கள் தமிழ்நாட்டில குண்டு, தோட்டா ரெண்டையும் கலந்து எழுதுறீங்கள். 'தோட்டா பாய்ஞ்சது' எண்டு பேப்பரிலயே வருது, பாய்ஞ்சது தோட்டா இல்லையே, கோது துவக்கிலதானே கிடக்கு. நாங்கள் முழுசா இருக்கிறதை ரவை எண்டும் பாயிறதைச் சன்னம் எண்டும் சொல்லுவம். இந்தக் கட்டுரையில ஒண்டு மற்றதிலயிருந்து கழருறதுதான் விசயமே, ரெண்டுக்கும் ஒரே பேர் எண்டா வாசிக்கிறவை என்ன செய்யிறது?

—

சரி தம்பி, தாண்டல வாபஸ் வாங்கிக்கிறேன். வளை உதாரணத்துல விழுந்துட்டேன்னே வைங்க. ஆனா சன்னம் இங்க யாருக்கும் புரியாது, குண்டுன்னே இருக்கட்டும். அப்புறம், நம்ம கான்பூர் தொழிற்சாலை 2014ல பெண்களுக்குன்னு விட்ட நிர்பீக் ரிவால்வர்ல இந்தக் கழல்வு வருமா?

—

ஐயா, நிர்பீக்கும் டைட்டானியக் கலவைதான், ஆனா அரைக் கிலோ இருக்கு, தோட்டாவும் .32, மேக்னம் உதைக்குப் பக்கத்துலயே வராது. அதுல இது பெரிய கவலையா இருக்காது.

—

ரொம்ப நன்றி. தலைப்புல 'உதைகழல்வு', உள்ள முழுத் தோட்டாவுக்குத் தோட்டா, பாயுறதுக்குக் குண்டு, முதல் தடவ வர்ற எடத்துல மட்டும் 'ஈழத்தில் சன்னம்'னு ஒரு வரி சேத்துடறேன். கிரிம்ப்புக்கு 'வாய்நெரிப்பு'ன்னு போட்டிருக்கேன், அதுல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா நாளைக்குள்ள சொல்லிருங்க, அப்புறம் பக்கத்த ஏத்திருவேன்.