அன்மேரிட் பார்ட்னர் விசாவில் இருக்கிறேன். ஆனி முகூர்த்தத்தில் கல்யாணம் செய்தால் விசா போய்விடுமா?

நங்கநல்லூர் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகப் பதில் வேண்டும். வெளிநாடு போய் எட்டு மாதம் ஆகிறது. அன்மேரிட் பார்ட்னர் விசாவில் இருக்கிறேன். இப்போது ஒரு மாத லீவில் நங்கநல்லூர் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நானும் என் காதலரும் கல்யாணம் ஆகாமலே ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பது அப்பாவுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு முகூர்த்தம் இருக்கு, முடிச்சிடலாம்" என்றார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இன்னும் பதினெட்டு நாள்தான். கல்யாணமாகாதவள் என்று சொல்லி வாங்கிய விசா, தாலி ஏறியதும் செல்லாமல் போய்விடுமா? திரும்பப் போனால் உள்ளே விடுவார்களா? தூக்கமே வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் டு மெல்பர்ன்:
தங்கச்சி, ஆஸ்திரேலியா என்றால் முதலில் உங்கள் பார்ட்னர் விசா 309-ஆ (வெளியிலிருந்து போடுவது) 820-ஆ (உள்ளே இருந்து போடுவது) என்று பாருங்கள். டி ஃபேக்டோ, அதாவது கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்கள், என்று போட்டுவிட்டு முடிவு வருவதற்குள் கல்யாணம் செய்தால், இமிகிரேஷனுக்கு எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். நாங்கள் வந்த புதிதில் ஜாயின்ட் அக்கவுன்ட், வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு பெயரும் சேர அலைந்தோம். நான்கு மாதம் அதிலேயே போனது. ஒரு காகிதத்தையும் தூக்கிப்போடாதீர்கள்.

டொராண்டோ மயிலாப்பூர்:
எட்டு மாதம் என்கிறீர்கள். இங்கே கனடாவில் காமன் லா, அதாவது கல்யாணமில்லாத துணை, என்றால் 12 மாதம் விடாமல் ஒன்றாக இருந்திருக்க வேண்டுமே, எப்படிக் கொடுத்தார்கள்? எப்படியோ, கல்யாணம் செய்துகொள்ளுங்கள். யாருக்கும் தெரிவிக்க வேண்டாம், அடுத்த விண்ணப்பத்தில் சொன்னால் போதும்.

குரோம்பேட்டை அப்பா:
எனக்கு விசா விவரம் தெரியாது. என் பெண்ணும் வெளியூரில்தான் இருக்கிறாள். உன் அப்பா கோபத்தில் பஞ்சாங்கம் எடுக்கவில்லை அம்மா. நாலு பேர் கேட்கும்போது தலைநிமிர்ந்து பதில் சொல்ல அவருக்கு ஒரு தேதி வேண்டும். அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு அவரிடம் பேசு.

நங்கநல்லூர் மகள்:
மன்னிக்கணும், பதற்றத்தில் நாட்டையே சொல்லவில்லை. இங்கிலாந்து, ரெடிங். அவருக்கு வேலைக்கான ஸ்கில்ட் வொர்க்கர் விசா, நான் அவரைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட். அதற்கு முன் பெங்களூரில் இரண்டரை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் விசா கிடைத்தது. குரோம்பேட்டை அப்பா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். நன்றி.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
அப்படியென்றால் பயப்படாதேம்மா. இந்த ஊரில் மனைவியும் சரி, இரண்டு வருஷத்துக்கு மேல் கணவன் மனைவிபோல உறவில் இருப்பவரும் சரி, விசாவுக்கு இரண்டு பேரும் 'பார்ட்னர்'தான். கல்யாணத்தால் விசா செத்துப்போகாது. வெளியூரில் பயந்து அழுவது எனக்கும் தெரியும். நான் போன முதல் குளிர்காலத்தில் கரன்ட் மீட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மூலைக்கடைக்கு ஓடி, பத்து பவுண்டு ஏற்றிக்கொண்டு வருவேன். அது மூன்று நாளில் தீர்ந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகத் தண்ணீர் வழியும். ஹீட்டர் மேல் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது, வீடு முழுக்க ஈரவாடை. அம்மா போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்பேன். போனை வைத்ததும் அழுகை வரும்.

லெஸ்டர் தம்பி:
அக்கா சொல்வது தப்பு. கல்யாணமானதும் ஸ்பௌஸ் (கணவன்/மனைவி) விசாவுக்குப் புதிதாகப் போட வேண்டும். என் ரூம்மேட் அப்படித்தான் செய்தான். பேசாமல் பெங்களூரிலேயே கல்யாணம் ஆகிவிட்டதாகப் பழைய தேதியில் ஒரு பத்திரிகை அடித்துவிடுங்கள், தொல்லை இருக்காது.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தம்பி, அந்த யோசனையை யாருக்கும் சொல்லாதே. பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் பத்து வருஷம் உள்ளே விடமாட்டார்கள். இவள் உண்மையைச் சொல்லி விசா வாங்கியவள், எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

டொராண்டோ மயிலாப்பூர்:
இந்த ஊர்களில் ஒரு பொய்க்குக் கொடுக்கும் தண்டனையைப் பாருங்கள். நம்மிடம் வாங்கும் ஃபீஸுக்கு மட்டும் கணக்கே கிடையாது. வாடகையைக் கட்டினால் சம்பளத்தில் பாதி காலி.

லெஸ்டர் தம்பி:
ஆமாம் அண்ணா. அரசு மருத்துவத்துக்காக விசாவோடு கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் மட்டும் ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு. அதைக் கட்டிவிட்டு டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தேன்.

பெரம்பூர் டு மெல்பர்ன்:
இங்கே பார்ட்னர் விசாவுக்குக் கட்டிய பணத்தில் ஊரில் ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம்.

வடபழனி பர்மிங்ஹாம்:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. சகோதரி, மூன்று கேள்வி. அவர் இப்போது எங்கே இருக்கிறார்? உங்கள் இருவரில் யாருக்காவது விசா விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா? இருவரும் இந்துக்களா?

நங்கநல்லூர் மகள்:
இருவரும் இந்துக்கள். அவர் ரெடிங்கில் இருக்கிறார், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறார். கம்பெனி மாறுகிறார், அதனால் புது விசாவுக்குப் போன வாரம் விண்ணப்பித்தார். என்னுடையதில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது, நான் எதுவும் போடவில்லை. அது முக்கியமா?

வடபழனி பர்மிங்ஹாம்:
அதுதான் முக்கியம். அவரை இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள், முடிவு கைக்கு வரும்வரை விமானம் ஏறக்கூடாது. உள்ளே இருந்தபடி போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டுக் கிளம்பினால், அதைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். அயர்லாந்து, சேனல் தீவுகள், மேன் தீவு வரைக்கும் போகலாம், சென்னைக்கு வர முடியாது. கட்டிய ஃபீஸும் போய், புது வேலையும் தொங்கலில் நிற்கும். சாதாரண விண்ணப்பத்துக்கு எட்டு வாரம் என்பார்கள். ஆனி முகூர்த்தத்துக்குள் வந்துவிடும் என்று நம்பி மண்டபம் பிடிக்க முடியாது.

உங்கள் விசாவைப் பற்றி அக்கா சொன்னதுதான் சரி. கல்யாணமானதும் புது விசா வேண்டாம். அடுத்த நீட்டிப்பின்போது கல்யாணச் சான்றிதழை வைத்தால் போதும். லெஸ்டர் தம்பியின் நண்பர் வேறு விசாவில் இருந்து மாறியிருப்பார். ஆனால் ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே கல்யாணம் நடந்தால், அதைத் தெரிவிக்க வேண்டும்.

சென்னையில் முறைப்படி நடக்கும் கல்யாணம் இங்கிலாந்திலும் செல்லும். ஐயர் வைத்தாலும் சரி, சுயமரியாதை முறையில் மாலை மாற்றினாலும் சரி. அங்கேதான், பதிவு பெறாத இடத்தில் சடங்கு மட்டும் செய்தால் சட்டப்படி கல்யாணம் ஆகாது. இருவருக்கும் வேறு வேறு மதம் என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் இருக்கிறது, பதினெட்டு நாளில் நடக்கவே நடக்காது. உங்களுக்கு அது இல்லை.

பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், அப்புறம் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு. ஆனால் இருவரும் பறந்துவிட்டால் கையெழுத்துப் போட யார் இருப்பார்கள்? தாலி கட்டிய மறு வேலைநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். பத்திரிகை, கல்யாண போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அங்கே கவனிக்க வேண்டியது பெயர். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக முழுசாக இருக்கும். பத்திரிகையில் வெறும் இனிஷியல் போட்டோம், சான்றிதழும் அப்படியே வந்தது. அதைத் திருத்த மனைவியை ரூமில் விட்டுவிட்டு நான் மட்டும் ஊருக்கு வந்தேன், அந்த டிக்கெட் காசில் இரண்டு மாத வாடகை கட்டியிருக்கலாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். கல்யாணமானதால் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றினால் புது பாஸ்போர்ட்டை இ-விசா (இணையத்தில் இருக்கும் விசா) கணக்கில் சேர்த்த பிறகே கிளம்புங்கள். என் மச்சினிச்சி சேர்க்க மறந்து, மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரில் பெட்டியோடு இரண்டு மணி நேரம் நின்றாள்.

நங்கநல்லூர் மகள்:
அவரிடம் பேசிவிட்டேன். டிக்கெட்டைத் தேதி மாற்றுகிறார். அப்பாவிடம், "அவர் இப்ப கிளம்பினா வேலையே போயிடும்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆவணியில் இரண்டு தேதி குறித்துக் கொடுத்தார். மண்டபத்தில் அட்வான்ஸை அந்தத் தேதிக்கு மாற்றித் தருகிறார்களாம். பத்திரிகைப் ப்ரூஃபில் எங்கள் இருவர் பெயருக்கும் இனிஷியல்தான் இருக்கிறது. இரண்டு பாஸ்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு இப்போதுதான் அச்சகத்துக்குக் கிளம்புகிறேன்.