மறு: 'லைட்நாமெ' என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

இடைக்கால ஜெர்மன் பிரபுக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வரும் பிள்ளைப் பெயரை வரலாற்றாசிரியர்கள் 'லைட்நாமெ' என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் இதுவரை குலப்பெயர், குடிப்பெயர், மரபுப்பெயர், வழிகாட்டிப்பெயர் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் அகராதியை வைத்துத்தான் எடை போடுகிறோம். அதைவிட ஒரு பெயரை எடுத்து, அது குடும்பத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது, அப்புறம் யார் யாரிடம் போனது என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நான் ஹைன்ரிக்கை எடுத்துக்கொள்கிறேன்.

> குலப்பெயர் என்றே சொல்லிவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். குலப்பெயர் என்றதும் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக, சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒன்று என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள். 10ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மனியின் சாக்சனியில் அப்படி ஒன்று கிடையாது. ஒருவருக்கு ஒரே பெயர்தான். குழந்தைக்கு வைத்த அந்தப் பெயரே ஆளையும் அழைத்தது, இன்ன வீட்டுப் பிள்ளை என்பதையும் சொன்னது.

குலப்பெயர், குடிப்பெயர் இரண்டையும் நான் மறுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 919இல் ஜெர்மன் அரசரான முதலாம் ஹைன்ரிக்கைப் பாருங்கள். தந்தை ஓட்டோ, தந்தையைப் பெற்றவர் லியுடோல்ஃப். அண்ணன்மார் தாங்மார், லியுடோல்ஃப். இளைய அண்ணனுக்குத் தாத்தா பெயர் வைத்திருக்கிறார்கள், நமக்கு நன்றாகப் பழக்கமான வழக்கம். மூன்றாவது பையனுக்கு வந்த 'ஹைன்ரிக்' எங்கிருந்து வந்தது? அம்மா ஹத்விக்கின் வீட்டிலிருந்து. 886இல் நார்மன்கள் பாரிஸை முற்றுகையிட்டபோது அவர்களோடு போரிட்டு மாண்ட பிராங்கியத் தளபதி ஹைன்ரிக்தான் அவளுடைய தந்தை என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. அண்ணன்மார் இருவரும் தந்தைக்கு முன்பே இறந்துபோனார்கள். 912இல் சாக்சனியும் பிறகு அரசும் தாய்வழித் தாத்தாவின் பெயரைச் சுமந்த இளையவனுக்குப் போயின. அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் விடவில்லை. அவருடைய மகன் ஒரு ஹைன்ரிக், பவேரியாவின் பிரபு. அந்த மகனின் மகனும் ஹைன்ரிக், சண்டைக்காரர் என்று பட்டம் பெற்றவர். அவருடைய மகன்தான் 1002இல் அரசரான இரண்டாம் ஹைன்ரிக். தாய் வீட்டிலிருந்து வந்த பெயர் அரசப் பெயராகிவிட்டது. இதைக் குலப்பெயர் என்றால் யாருடைய குலம் என்ற கேள்வி உடனே வரும்.

குடிப்பெயரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல். நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர் என்று வரிசையாக வரும். உரைகாரர்கள் மலையமான், சேரமான் என்று எடுத்துக்காட்டுகிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல்லை இழுத்து வந்து வேறு வேலை கொடுக்க வேண்டாம்.

> சோழர்களின் இராசகேசரி, பரகேசரி போலத்தானே இதுவும்?

ஐயா, பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் இராசகேசரியும் பரகேசரியும், பாண்டியர்களின் மாறவர்மனும் சடையவர்மனும், ஆட்சிக்கு வரும்போது மாறி மாறிச் சூடிக்கொண்டவை. லைட்நாமெ குழந்தைக்கு வைப்பது. அந்தக் குழந்தை ஆளப்போகிறதா என்று அப்போது யாருக்கும் தெரியாது. பெரியவர்களின் ஆசை மட்டும்தான் அதில் இருக்கும். சில சமயம் பேராசை. 778இல் பிராங்கிய அரசர் சார்லமேனுக்கு இரட்டைப் பையன்கள் பிறந்தபோது அவர் வைத்த பெயர்கள் லுட்விக், லோதார். இரண்டும் அவருடைய வீட்டுப் பெயர்கள் அல்ல. அவருடைய தந்தை பதவியிலிருந்து இறக்கிய மெரோவிங்கிய அரசர்களின் குளோவிஸ், குளோத்தார் என்ற பெயர்களின் வேறு வடிவங்களே இவை. பிடுங்கிய ஆட்சிக்குப் பெயரால் பட்டா போட்டுக்கொள்கிற வேலை.

இந்த வழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய ரோய்ஸ் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். துரிங்கியாவில் கிரைட்ஸ், கேரா, ஷ்லைட்ஸ் பக்கம் சின்னஞ்சிறு நாடுகளை ஆண்டவர்கள். பேரரசர் ஆறாம் ஹைன்ரிக்குக்கு நன்றியாக என்று சொல்லி, குடும்பத்தில் பிறக்கும் எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் ஹைன்ரிக் என்றே பெயர் வைத்தார்கள். எல்லாருக்கும். அண்ணன் ஹைன்ரிக், தம்பி ஹைன்ரிக், பெரியப்பா, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள் எல்லாரும் ஹைன்ரிக். வேறுபடுத்த எண் போட்டார்கள். மூத்த கிளை 100 வரை எண்ணிவிட்டு மறுபடி 1இல் தொடங்குவது என்று வைத்துக்கொண்டது. இளைய கிளை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு புதிதாக எண்ணியது. 1848 புரட்சியில் பதவி விலகிய லோபன்ஷ்டைன்-எபர்ஸ்டோர்ஃப் சிற்றரசர் 72ஆம் ஹைன்ரிக். அவருக்கு முன் 71 ஹைன்ரிக்குகள் அரியணையில் இருந்ததாக அர்த்தமில்லை, பிள்ளைகள் பிறந்த வரிசை அது. சிறு வயதில் இறந்த குழந்தைக்கும் ஓர் எண் உண்டு. பெண்கள் மட்டும் தப்பித்தார்கள். கிரைட்ஸின் 22ஆம் ஹைன்ரிக்குடைய மகள் ஹெர்மினதான், பதவி இழந்து ஹாலந்தில் இருந்த ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மை 1922இல் மணந்தவர்.

எண் என்றதும் இன்னொரு கூத்து. பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் மகன் ஹைன்ரிக், 1220இல் ஜெர்மன் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தையை எதிர்த்துக் கிளம்பி 1235இல் பதவி போய், சிறையிலேயே கிடந்து 1242இல் இறந்தார். தந்தையின் நிழலிலேயே இருந்தவர் என்பதால் பின்னால் வந்தவர்கள் இவரை வரிசையில் எண்ணவில்லை. அதனால் 1308இல் தேர்வான லக்சம்பர்க் ஹைன்ரிக்கும் ஏழாமவரே ஆனார். குழப்பம் தீர, ஜெர்மன்காரர்கள் முன்னவரின் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள்: ஹைன்ரிக் (7). நம் கலைக்களஞ்சியங்களில் 'ஏழாம் ஹைன்ரிக்' என்று எழுதினால் எந்த ஏழு என்று வாசகர் திண்டாடுவார். இவருக்கு மட்டும் 'அடைப்பு ஏழாம் ஹைன்ரிக்' என்று எழுதலாமா? கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் குழப்பம் வராது.

இனி என் பரிந்துரை: வழிப்பெயர்.

தாய்வழி, தந்தைவழி என்று நாம் இரண்டு பக்கத்துக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம். ஹத்விக் கொண்டுவந்த பெயருக்கு அதில் இடம் இருக்கிறது. வழித்தோன்றல் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் புதிதாக விளக்கவும் வேண்டியதில்லை. வழிகாட்டிப்பெயர் என்பது ஜெர்மன் சொல்லை அப்படியே பிரித்துப் போட்டது. படிப்பவருக்குக் கைகாட்டிப் பலகைதான் நினைவுக்கு வரும். மரபுப்பெயர் என்றால் பள்ளியில் படித்த குட்டி, கன்று, பறழ் எல்லாம் வந்துவிடும்.

> வழிநூல் என்பதுபோல, ஒன்றிலிருந்து பிறந்த பெயர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஹைன்ரிக்கிலிருந்து வந்த ஹைன்ஸ், ஹைனர் போல?

இது நியாயமான தடை. ஹைன்ஸ், ஹைனர், ஹின்ட்ஸ் போன்றவற்றுக்குக் 'குறுக்கப்பெயர்' என்று தனியாக வைத்துவிட்டால் சரியாகிவிடும். அந்தக் குறுக்கங்களும் சுவையானவை. எல்லாரும் ஹைன்ரிக், எல்லாரும் கொன்ராட் என்று ஆனபின் 'ஹின்ட்ஸும் குன்ட்ஸும்' என்றாலே கண்டவன் போனவன் என்று பொருளாகிவிட்டது. நம் குப்பனும் சுப்பனும்தான். அந்தக் கட்டத்தில் அதை வழிப்பெயர் என்று சொல்லக் கூடாது. அது எந்த வீட்டையும் காட்டுவதில்லை.

சொல்லுக்கு எல்லை எங்கே என்பதற்கு மோசமான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1900இல் பிறந்த, பின்னாளில் நாஜிகளின் எஸ்எஸ் படைத் தலைவரான ஹைன்ரிக் ஹிம்லருக்கு அந்தப் பெயர் குடும்பத்திலிருந்து வரவில்லை. தந்தை முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த பவேரிய இளவரசர் ஹைன்ரிக் ஞானத்தந்தையாக இருந்ததால் வந்தது. அது வழிப்பெயர் அல்ல, ஞானப்பெற்றோர் பெயர். ஆனால் அந்த மனிதர் முதலாம் ஹைன்ரிக்கைத் தன் முன்னோடியாகவே கொண்டாடினார். அரசர் இறந்து 1000 ஆண்டு ஆனதையொட்டி 1936 ஜூலை 2 அன்று குவெட்லின்பர்க் தேவாலயத்தில் எஸ்எஸ் படையோடு விழா எடுத்தார். பெயர் ஒன்றாக இருந்தால் உறவும் உண்டு என்று நினைப்பது ஆராய்ச்சியாளர்களும் சறுக்கும் இடம்தான் என்பதால், வரையறையில் 'இரத்த உறவுக்குள்' என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கவிஞர் ஹைனேயையும் அது வெளியே நிறுத்திவிடும். ஹாரி என்று பிறந்தவர் 1825இல் ஞானஸ்நானத்தின்போது எடுத்துக்கொண்ட பெயர்தான் ஹைன்ரிக்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் முடிவு செய்ய வேண்டும். 1706 ஜூலையில் சீகன்பால்குவோடு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஹைன்ரிக் புளூட்சாவைத் தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் 'ஹென்றி' என்றே எழுதுகின்றன. ஹைன்ரிக்கின் கடைசி ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. க், ச், ஷ் மூன்றுமே கிட்டத்தட்டத்தான். நான் க் போடுகிறேன். ஜெர்மனியில் இருக்கும் நண்பர்கள் ஷ் என்று வாதாடினால் கேட்கத் தயார், ஆனால் ஹென்றி மட்டும் வேண்டாம்.

அன்புடன்.