மறு: டீப்ரீஃபிங் – ‘பின்விளக்கம்’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இழையைத் தொடங்கியவன் நான்தான் என்பதால் வந்த பதில்களுக்கு ஒரே மடலில் மறுமொழி எழுதிவிடுகிறேன். உளவியல் அறிமுகப் பாடத்தில் ஆய்வு அறம் பற்றிய பகுதியைத் தமிழாக்கும்போது தடுக்கி விழுந்த சொல் ‘டீப்ரீஃபிங்’ (debriefing): சோதனை முடிந்தபின் பங்கேற்றவரிடம் நடந்தது என்ன என்று ஆராய்ச்சியாளர் எடுத்துச் சொல்வது.

> ராணுவத்திலிருந்து வந்த சொல்தானே? நாளிதழில் ‘விசாரணை’ என்று பார்த்த நினைவு.

ராணுவத்தில் திரும்பி வந்த விமானி சொல்வார், அதிகாரி கேட்டுக்கொள்வார். உளவியலில் திசை தலைகீழ். வாய் திறக்க வேண்டியவர் ஆராய்ச்சியாளர். ‘விசாரணை’ என்று போட்டால் சோதனைக்கு வந்தவர் வக்கீலைத் தேடுவார்.

> ‘பின்விளக்கம்’ என்றே வைத்துக்கொள்வோமே. பார்த்தவுடன் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் பாதிதான். ஏமாற்றி நடத்திய சோதனையென்றால் முடிந்தபின் செய்யவேண்டியவை இரண்டு: சொன்ன பொய்யை உடைப்பது, அந்தப் பொய்யால் வந்த மனக்கலக்கத்தைத் தணிப்பது. உளவியலாளர் டேவிட் ஹோம்ஸ் 1976-இல் இரண்டையும் தனித்தனியாகவே பிரித்து எழுதினார். ‘பின்விளக்கம்’ முதலாவதோடு நின்றுவிடுகிறது. வெளியே போகும்போது கையில் ஒரு தாளைத் திணித்தாலும் பின்விளக்கம்தான்.

உளவியலாளர் மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். தப்புப் பதில் வரும்போதெல்லாம் அடுத்த அறையில் இருப்பவருக்கு ஷாக்கைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்ன சோதனை. 1963 கட்டுரையில் வரும் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டியவர் ஷாக் வாங்குவதுபோல் நடித்தவர், மின்சாரம் பொய். சோதனை முடிந்ததும் அப்படி நடித்தவரோடு சமாதானமாக்கி, பதற்றம் தணித்து அனுப்பினோம் என்று மில்கிராம் எழுதினார். ஆனால் சோதனை நடந்த யேல் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைப் பின்னாளில் புரட்டியவர்கள் கண்டது வேறு. பலருக்கு அன்றைக்கு முழு உண்மை சொல்லப்படவில்லை. மாதங்கள் கழித்துத் தபாலில் வந்த அறிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அதுவரை ‘ஒரு மனுஷனுக்கு ஷாக் கொடுத்தேன்’ என்ற நினைப்போடுதான் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். தபாலில் போனதும் ‘பின்விளக்கம்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

> ‘தெளிவுரை’?

அக்கா, நல்ல சொல்தான். ஆனால் பழம்பாட்டுக்கு உரை எழுதியவர்கள் அதை எப்போதோ பட்டா போட்டுக்கொண்டுவிட்டார்கள். இருந்தாலும் வேரை விட மனமில்லை. மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது, கலங்கிய தண்ணீர் தெளிகிறது. குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்து வைத்தால் கலங்கல் அடியில் இறங்கும், பார்த்திருப்பீர்கள். ‘தேற்று’ என்ற வினையிலும் தெளியவைப்பது, ஆறுதல் சொல்வது என்று நமக்கு வேண்டிய இரண்டும் இருக்கின்றன. ஆனால் ‘தேற்றம்’ கணக்குக்காரர்களிடம் போய்விட்டது. ‘தேற்றல்’ என்றால் துக்க வீட்டு வாசம் அடிக்கிறது. ஆகவே பிறவினையாக ‘தெளிவித்தல்’, பெயராக ‘தெளிவிப்பு’. ‘தெளிவிப்புப் படிவம்’, ‘தெளிவிக்கப்படாத பங்கேற்பாளர்’ என்று நீட்டிப் பார்த்தேன், நாக்கில் சிக்கவில்லை.

> தெளிவித்தும் தெளியாவிட்டால்? சொல் பொய்யாகாதா?

‘சிகிச்சை’ என்கிறோம், எல்லோருக்கும் குணமாகிவிடுகிறதா? உண்மையில் உங்கள் கேள்வியே என் கட்சிக்குப் பலம். 1975-இல் ராஸ், லெப்பர், ஹப்பர்ட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். தற்கொலைக் கடிதங்களில் மெய் எது, போலி எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி, 25-க்கு 24 சரி என்று சிலரிடமும் 10-தான் சரி என்று வேறு சிலரிடமும் சொன்னார்கள். மதிப்பெண் முன்கூட்டியே முடிவு செய்தது. பிறகு அதையும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் ‘24’ வாங்கியவர்கள் தங்களைக் கெட்டிக்காரர்களாகவும் ‘10’ வாங்கியவர்கள் மட்டமாகவுமே எடைபோட்டார்கள். ஆதாரம் போனபின்னும் நம்பிக்கை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாய்வு இது. ‘இப்படி ஒட்டிக்கொள்ளும், கவனம்’ என்று அந்தச் சாய்வையே எடுத்துச் சொன்னபோதுதான் பிடி தளர்ந்தது. ஆக விளக்கம் கொடுத்தாயிற்று, தெளிவிக்கவில்லை என்ற நிலை உண்மையிலேயே உண்டு. அந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு சொல் வேண்டாமா?

எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது ஒரு ‘நினைவாற்றல் சோதனை’க்குப் போனேன். தாளைத் திருப்பிக் கொடுத்தவர் ‘சராசரிக்குக் கீழே’ என்றார். எல்லோருக்கும் அதையேதான் சொன்னார்கள் என்பது மூன்று வாரம் கழித்து விடுதிச் சாப்பாட்டு வரிசையில் ஒரு நண்பன் சொல்லித் தெரிந்தது. இன்றைக்கும் வண்டிச் சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடும்போது அந்தத் தாள்தான் கண்முன் வருகிறது.

எதிர்ப்பில்லையென்றால் ‘தெளிவிப்பு’ என்றே வரைவில் போடுகிறேன். அடுத்தது, சோதனையில் சக பங்கேற்பாளர்போல் நடிப்பவருக்கு ஒரு சொல் வேண்டும். ‘உடந்தை’யில் காவல் நிலைய நெடி, ‘கையாள்’ அரசியல்வாதியுடையது. கூத்து தெரிந்தவர்கள் யாராவது கைகொடுங்கள்.